வாசலுக்கு வெளியே வரும் கரண்டு

(மூன்றாம் ஆண்டு மாணவர், மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)

மின்சாரம் இல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இன்று காண்பது அரிது. ஒயரிங் என்று நாம் வகுப்பில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் நாலு சுவருக்குள் நடக்கும் விஷயம்தான். ஹாலில் ஒரு லைட், ஒரு பேன், ஒரு பிளக் பாயிண்ட் என்று படம் வரைந்து மார்க் வாங்கி விடுகிறோம். ஆனால் போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கும் எங்கள் சிலமலையில் வீட்டின் பாதி வாழ்க்கை வாசலுக்கு வெளியேதான் நடக்கிறது. போர் மோட்டார் வெளியே. அதன் ஸ்டார்ட்டர் பெட்டி வெளிச்சுவரில். குளியலறை கொல்லைப்புறம். துவைக்கிற கல்லுக்கு மேலே ஒரு குண்டு பல்பு. மாட்டுக் கொட்டகைக்கு ஒரு லைட். இப்போது வாஷிங் மெஷின் வாங்கியவர்கள் அதையும் சன்ஷேடுக்குக் கீழேதான் வைக்கிறார்கள், உள்ளே இடம் இல்லை. அன்பு நண்பர்களே, இந்த வெளிப்பகுதி ஒயரிங்கைப் பற்றி மட்டும் நான் படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

வெளியே போகும் ஒயருக்கு மூன்று எதிரிகள். வெயில், மழை, காற்று. இதில் காற்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆடி மாதம் எங்கள் பக்கம் வந்து பார்த்தால் தெரியும். தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை. அந்தக் காற்றில் தொங்கவிட்ட ஒயர் இரவும் பகலும் ஆடும். ஆடி ஆடி ஓட்டு விளிம்பிலோ தகரத்திலோ உரசும். வெயிலில் ஏற்கெனவே விறைத்துப் போன பி.வி.சி. தோல் அந்த இடத்தில் வெடிக்கும். ஐப்பசி மழையில் அந்த வெடிப்புக்குள் தண்ணீர் போகும். ஆடியில் ஆரம்பித்த கோளாறு ஐப்பசியில்தான் ‘ஷாக் அடிக்குது’ என்று தெரிய வரும்.

தெரிய வந்தாலும் என்ன செய்கிறோம்? என் சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மோட்டார் ஓடும்போது வெளிக்குழாயைத் தொட்டால் ‘சுருக்’கென்று இழுத்தது. பல மாதமாக இழுத்தது. சித்தியைக் கேட்டேன். “லேசாத்தான்டா இழுக்குது, செருப்புப் போட்டுக்கிட்டா ஒண்ணும் தெரியல” என்றார். குழாயடியில் வழுக்கும் என்று செருப்பைக் கழற்றி வைப்பதும் அதே சித்திதான். அப்பத்தாவுக்கு அதுவும் இல்லை, “குழாய்ல கரண்டு வருது, புள்ளைகள அண்ட விடாதீக” என்று சொல்லிவிட்டு முந்தானையைச் சுற்றிக் குழாயைத் திறப்பார். ஊரில் ஷாக் அடிப்பதற்கு மருந்து செருப்பும் முந்தானையும்தான்.

ஒயர்மேன் அண்ணன் ஒருவரை அழைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் நல்ல கைக்காரர். நூறு வாட் பல்பு மாட்டிய டெஸ்ட் லாம்ப்பின் ஒரு நுனியை ஃபேஸிலும் மறு நுனியை எர்த்திலும் வைத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. “எர்த் சூப்பரா இருக்கு, பயப்படாதீங்கம்மா” என்று போய்விட்டார். எங்கள் மாவட்டம் மட்டும் இல்லை, தமிழ்நாடு முழுக்க இந்தச் சோதனையைத்தான் செய்கிறார்கள். நம் கல்லூரியில் படிக்கும் பலரும் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். இதில் என்ன குறை என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நூறு வாட் பல்பின் சூடான மின்தடை, 230-ஐ 230-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால், 529 ஓம். அதன் வழியே ஓடுவது அரை ஆம்பியருக்கும் குறைவு. நம் துறை ஆசிரியரின் அனுமதியோடு லேபில் உள்ள எர்த் மெக்கரை வாங்கிப் போய், இரண்டு ஆணியைத் தள்ளித் தள்ளி அடித்து, சித்தி வீட்டு எர்த்தை அளந்தேன். 40 ஓம் காட்டியது. டிரான்ஸ்பார்மர் அடியில் உள்ள எர்த்துக்கு ஒரு 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பல்பும் எர்த்தும் சேர்ந்து 571 ஓம். அப்படியானால் பல்புக்குக் கிடைப்பது 213 வோல்ட். 230-ல் எரிவதற்கும் 213-ல் எரிவதற்கும் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. எர்த் நல்லதாக இருந்தாலும் பல்பு எரியும், சுமாராக இருந்தாலும் எரியும். பல்பு எரிந்தால் எர்த் அறுந்து போகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். போதுமானதா என்று அது சொல்லாது.

சரி, போதவில்லை என்றால் என்ன ஆகும்? மோட்டாருக்குள் காயில் எரிந்து ஃபேஸ் நேராக பாடியில் பட்டுவிட்டது என்று வையுங்கள். மின்னோட்டம் எர்த் வழியே போய் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பவேண்டும். வழியில் 42 ஓம். 230-ஐ 42-ஆல் வகுத்தால் ஐந்தரை ஆம்பியர். மெயினில் இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. ஐந்தரை ஆம்பியரை அது ஒரு சாதாரண லோடு என்றுதான் நினைக்கும். விழவே விழாது. பழைய வீடுகளில் உள்ள பியூஸ் கம்பியும் அப்படித்தான். அந்த நேரத்தில் குழாயில் நிற்கும் வோல்டேஜ், ஐந்தரையை 40-ஆல் பெருக்கினால், ஏறக்குறைய 220. எர்த் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, பல்பு பளிச்சென்று எரிந்தது, ஆனாலும் குழாயில் முழு கரண்டு!

இது எனக்கு முதலில் நம்ப முடியாமல்தான் இருந்தது. எர்த் போட்டால் பயமில்லை என்றுதான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். நம் ஊர்களில் டிரான்ஸ்பார்மரின் எர்த் தனி, வீட்டின் எர்த் தனி, நடுவில் இருப்பது வெறும் மண். அந்த மண் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது எல்லாம். வயக்காட்டு ஈர மண்ணாக இருந்தால் தடை குறையும். எங்கள் பக்கம் மலைச்சரிவு. நாலடி தோண்டினால் ‘டங்’கென்று கடப்பாரை பாறையில் அடிக்கும். 40 ஓம் கிடைத்ததே பெரிய விஷயம்.

மோட்டார் ஓடும்போது குழாய்க்கும் இருபது தப்படி தள்ளி அடித்த ஓர் ஆணிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 24 வோல்ட். அதாவது 24-ஐ 40-ஆல் வகுத்தால், 0.6 ஆம்பியர் எங்கேயோ கசிந்து கொண்டிருக்கிறது. சித்தி ‘லேசா’ என்று சொன்னது இதுதான். அது 24-லிருந்து 220-க்குப் போக ஒரு நல்ல மழை போதும், இல்லாவிட்டால் ஒரு பழைய காயில் போதும்.

இந்த இடத்தில்தான் ஆர்.சி.சி.பி. என்ற கருவி வருகிறது. பாடத்தில் ஒரு பக்கம் வரும், இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்து விடுவோம். வேலை செய்யும் விதத்தை எங்கள் ஊர் வழக்கில் சொல்கிறேன். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் ஆட்கள் முந்தல் வழியாக மேலே ஏறுகிறார்கள். (ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், அது தனிக் கட்டுரை.) பதினைந்து பேர் ஏறினால் சாயங்காலம் பதினைந்து பேர் இறங்க வேண்டும். பதினான்கு பேர் வந்தால், “ஒரு ஆளக் காணோமே” என்று ஜீப் நிற்கும். ஆர்.சி.சி.பி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டமும் ஒரே இரும்பு வளையத்துக்குள் போகின்றன. இரண்டும் சமமாக இருந்தால் வளையத்தில் காந்தப்புலம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கொஞ்சம் மண்ணுக்கோ மனித உடம்புக்கோ போய்விட்டால் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் கருவி இரண்டு கம்பியையும் துண்டித்துவிடும். பெரிய கசிவு என்றால் இமை மூடித் திறக்கும் நேரம்கூட ஆகாது.

30 என்ற எண் ஏன்? அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சார்லஸ் டால்சீல் என்ற பேராசிரியர், தாமாக முன்வந்த ஆட்களின் கையில் மின்சாரம் பாய்ச்சி, எவ்வளவு வரைக்கும் பிடித்த கம்பியை விட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு பத்தரை. அதற்கு மேல் போனால் கை தானாக இறுகிக்கொள்ளும், விட முடியாது. 1961-ல் அவர் இந்த வகைக் கருவியை வடிவமைத்தார். அமெரிக்காவில் 5 மில்லி ஆம்பியருக்கே விழும்படி வைக்கிறார்கள். நம் நாட்டில் ஆள் பாதுகாப்புக்கு வழக்கமாகப் போடுவது 30. மத்திய மின்சார ஆணையம் 2023-ல் புதுப்பித்த பாதுகாப்பு விதிகளிலும் மின்கசிவுப் பாதுகாப்புக்கு என்று தனி விதி இருக்கிறது.

இப்போது எர்த் கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஆபத்தில்லாத எல்லை 50 வோல்ட் என்று எடுத்துக்கொண்டால், 50-ஐ 0.03-ஆல் வகுக்க 1666 ஓம். அவ்வளவு மோசமான எர்த்தாக இருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழுந்துவிடும். பாறை ஊருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. அதற்காக எர்த்தே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. எர்த் இருந்தால் கசிவு ஆரம்பிக்கும்போதே கருவி விழும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான், அவர் உடம்பு வழியாகத்தான் விழும்.

சித்தி விலை கேட்டார். இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆகும் என்றேன். “ஒரு பட்டனுக்கா ரெண்டாயிரம்?” என்றார். சித்தப்பாதான் “மோட்டார் காயில் கட்டுறதுக்கு எத்தன தடவ குடுத்திருக்கோம்” என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார். ஒயரிங் வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேன் அண்ணன்தான் செய்தார், நான் கூட நின்று எடுபிடி. டிப்ளமோ முடித்தாலும் மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்றிதழ் வாங்கும் வரை நாம் எடுபிடிதான், இதை மறக்க வேண்டாம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் கசிவு எங்கே என்று தேடினோம். மெயினை அணைத்து, ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. கேபிள் பெட்டியின் தலைப்பக்கமாக உள்ளே நுழைந்திருந்தது. மழைத் தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே ஓடும், நம் வீட்டு விழுதில் சொட்டுவது போல. ஓடி வந்து நேராகக் கண்டென்சர் முனையில் விழுந்திருக்கிறது. முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. பெட்டிக்கு உள்ளே ஒரு பல்லிக் குடும்பம் வேறு.

வெளிப்பெட்டிக்கு ஒயர் கீழிருந்துதான் நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து மேலே ஏற வேண்டும். அந்த வளைவின் அடியில் தண்ணீர் சொட்டிவிடும், மேலே ஏறாது. சுவரில் துளை போடும்போதும் உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாகப் போட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வராது. துளையில் கேபிள் கிளாண்ட் போட்டு இறுக்கினால் பல்லி, எறும்பு பிரச்சினையும் தீரும். பெட்டியைத் தகரத்தில் வாங்காமல் கெட்டிப் பிளாஸ்டிக்கில், ஐ.பி. 65 என்று அச்சடித்ததாக வாங்கினோம். இதில் முதல் எண் தூசிக்கு, இரண்டாம் எண் தண்ணீருக்கு. 6 என்றால் தூசி புகாது, 5 என்றால் பைப்பால் பீய்ச்சினாலும் தாங்கும். சாரல் மட்டும் படும் இடத்துக்கு 44 போதும். ஆனால் எந்தப் பெட்டியானாலும் மேலே ஓட்டை போட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் போய்விடும். சன்ஷேடுக்குக் கீழே, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் மாட்டினோம்.

அடுத்து ஒயர் தடிமன். மெயினிலிருந்து போருக்கு 30 மீட்டர். பழைய ஒயர் 1.5 ஸ்கொயர். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏழு ஆம்பியர் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு என்றால் 35. போக வர 60 மீட்டர் 1.5 ஸ்கொயர் செம்பின் தடை 0.73 ஓம், ஆக ஸ்டார்ட் ஆகும்போது 25 வோல்ட் ஒயரிலேயே விழுந்துவிடும். சாயங்கால லோ வோல்டேஜில் இதுவும் சேர்ந்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், காயில் சூடாகும், அதன் வார்னிஷ் பொரியும். கசிவு அங்கிருந்துதான் பிறக்கிறது. 2.5 ஸ்கொயர் போட்டால் 25 என்பது 16 ஆகக் குறைகிறது. நாங்கள் 2.5 போட்டோம். எம்.சி.பி.யும் சி டைப்பாக மாற்றினோம், ஸ்டார்ட்டிங் இழுப்பைத் தாங்க வேண்டும் அல்லவா. ஆர்.சி.சி.பி. 25 ஆம்பியர், அதாவது எம்.சி.பி.யைவிட ஒரு படி மேலே.

எர்த்துக்கு ஐ.எஸ். 3043 என்ற இந்தியத் தர நூல் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் என்கிறது. எங்கள் பாறையில் அதற்கு வழியில்லை. ஆகவே பழைய எர்த்திலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி, குளியலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஓரம், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் இன்னொரு எர்த் போட்டு இரண்டையும் எட்டு கேஜ் ஜி.ஐ. கம்பியால் சேர்த்தோம். பக்கத்துப் பக்கத்தில் போட்டால் பலன் குறைவு, பைப் நீளத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். திரும்ப அளந்தபோது 22 ஓம்.

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. ‘டப்’பென்று விழுந்தது! மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் நின்றது. குளியலறை லைட்டைப் போட்டால் மறுபடியும் ‘டப்’. ஊரில் முக்கால்வாசி ஆர்.சி.சி.பி.க்கள் இந்தக் கட்டத்தில்தான் உயிர் விடுகின்றன. “இது சும்மா சும்மா விழுதுண்ணே, டைரக்ட் குடுத்துருங்க” என்று வீட்டுக்காரர் சொல்ல, இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கருவி சுவரில் அழகுக்கு இருக்கும். அது சும்மா விழவில்லை. குளியலறை லைட்டுக்கு ஃபேஸ் புது லைனிலிருந்தும், நியூட்ரல் பக்கத்தில் கிடைத்தது என்று பழைய சமையலறை லைனிலிருந்தும் எடுத்திருந்தார்கள். ஏறின ஆள் வேறு ஜீப்பில் இறங்கினால் கணக்கு எப்படிச் சரியாகும்? வெளி லைனுக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் போக வேண்டும், நியூட்ரல் எர்த்தோடு எங்கேயும் சேரக் கூடாது. நியூட்ரல் கோளாறு என்றால் எர்த்தையே நியூட்ரலாக்கி லைட் எரிக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. அந்த வீட்டில் மண்ணுக்குள் சதா கரண்டு ஓடும், ஆர்.சி.சி.பி. அங்கே ஒரு நிமிடம்கூட நிற்காது. மோட்டார் பக்கத்தில் 500 வோல்ட் மெக்கர் வைத்ததில் கால் மெகா ஓம்தான் வந்தது, ஒன்றாவது வேண்டும். போருக்கு மேலே டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் நனைந்திருந்தது. அதை வெட்டி, பெட்டிக்குள் கனெக்டர் வைத்து இணைத்ததும் சரியானது. இன்சுலேஷன் டேப் வெளி வேலைக்கு உதவாது, இரண்டு சித்திரை வெயிலில் பசை உருகி வாழைமட்டை போல் பிரிந்துவிடும்.

பைப் வேலையை ஒயர்மேன் அண்ணன் நூல் பிடித்து, நீலப்பொடி கோடு அடித்து, இரண்டடிக்கு ஒரு சேடில் வைத்து நேராகச் செய்தார். “அழகுக்கா அண்ணே?” என்று கேட்டேன். “நேரா இருக்கிற பைப்புல எலி கடிச்சது, வெடிச்சது எல்லாம் தூரத்துலயே தெரியும்டா தம்பி. தோரணம் மாதிரி கட்டுனா எதத் தேடுவ?” என்றார். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மாட்டுக் கொட்டகை பற்றி இரண்டு வரி. மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகம், நடுவில் இதயம். தரையில் கரண்டு கசிந்தால் நமக்குச் ‘சுருக்’ என்பது அதற்கு உயிர் போகும் விஷயம். ஆகவே கொட்டகை லைனும் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால்தான். ஒயர் கொம்புக்கும் நாக்குக்கும் எட்டாத உயரத்தில் பைப்புக்குள் போக வேண்டும், ஸ்விட்ச் கொட்டகைக்கு வெளியே. தோட்டத்துக் குறுக்கே போகிற லைனை மண்ணுக்குள் புதைப்பதானால் ஆர்மர்டு கேபிள், இரண்டரை அடி ஆழம், மேலும் கீழும் மணல், மணலுக்கு மேல் செங்கல். எங்கே புதைத்தோம் என்று ஒரு படம் வரைந்து மீட்டர் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டோம், நாளைக்கு வாழைக்குக் குழி எடுப்பவருக்குத் தெரிய வேண்டுமே. கொடிக் கம்பியை மின்கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் கட்டாதீர்கள் என்று மின்வாரியம் மழைக்கு மழை சொல்கிறது, அங்கே மாட்டையும் கட்டாதீர்கள் என்கிறது. நைலான் கயிறுக்கு விலை அதிகம் இல்லை. இந்தியாவில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறப்பதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளில் பார்க்கலாம்.

ஆர்.சி.சி.பி.யின் முகத்தில் ‘டி’ என்று போட்ட ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். கருவியின் உள்பாகம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க மாதம் ஒரு தடவை அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் உடனே விழ வேண்டும். விழுந்ததும் நெம்புகோலைத் திரும்ப மேலே தூக்கிவிடலாம். மோட்டார் ஓடாத நேரமாகப் பார்த்து அமுக்குவது நல்லது. தேதி சொன்னால் சித்திக்கு ஞாபகம் இருக்காது என்பதால் அமாவாசை என்று சொல்லி வைத்திருக்கிறேன். பொத்தானை அமுக்கியும் விழவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே வெளி லைனை அணைத்துவிட்டு, புதுக் கருவி வரும்வரை தண்ணீரைத் தெருக்குழாயில் பிடித்துக்கொள்ள வேண்டும்.